ராதியா வைத்த புள்ளிகள்

மொன்ஜியாவின் கோப்பு காலை எட்டு மணிக்கே ஆவண அறைக்குத் திரும்பி வந்துவிட்டது. அறுவை அரங்குக்கு ஏறிப்போன கோப்பு அன்றே இறங்கி வருகிறது என்றால் அதில் ஏதோ குறைகிறது என்று அர்த்தம். வழக்கமாக அதை யாராவது ஒரு சிப்பந்தி கொண்டுவந்து போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். அன்று மயக்க மருந்து டாக்டர் லாமியாவே இரண்டு மாடி இறங்கி வந்து, ராதியாவின் மேசைமேல் அதை வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"மதாம் ராதியா, இந்தம்மா வயித்துல வலது பக்கம் கீழ ஒரு தழும்பு இருக்கு. கோப்புல ஒரு ஆபரேஷனும் இல்ல. எனக்கு அந்த ஆபரேஷன் வேணும்."

மொன்ஜியாவுக்கு வயது நாற்பத்தொன்பது. பித்தப்பை வீங்கிச் சீழ் வைத்து, மூன்று நாள் காய்ச்சலோடு முந்தின நாள் மாலை வந்து சேர்ந்தவள். தழும்பைப் பற்றிக் கேட்டபோது, பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் காபெஸ் ஊரில் குடல்வால் எடுத்தார்கள் என்று சொல்லியிருக்கிறாள். சரி, மயக்கம் எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டார். "நல்லாத்தான் தூங்கினேன் டாக்டர், மறுநாள்தான் முழிச்சேன்" என்றாளாம். டாக்டர் லாமியாவுக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது. குடல்வால் எடுத்த ஆள் ஒரு மணி நேரத்தில் எழுந்து தண்ணீர் கேட்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தூங்கினாள் என்றால், போட்ட மருந்துகளில் ஏதோ ஒன்று அவள் உடம்புக்கு ஆகவில்லை.

"நான் அஞ்சு மருந்து வரிசையா போடுவேன். அதுல எது அவளைப் படுத்துச்சுன்னு தெரியாம ஊசியை எப்படி எடுக்கறது? பன்னெண்டு மணிக்கு மேசைக்கு வரணும். அதுக்கு மேல அந்தப் பித்தப்பை தாங்காது" என்றார் டாக்டர். ராதியா கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணி நேரம் இருந்தது.

ராதியாவை ஸ்ஃபாக்ஸ் நகரத்து அந்த அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும், முக்கால்வாசிப் பேருக்குப் பயம். இயக்குநர் திட்டினால் காதில் வாங்காத டாக்டர்கள், ராதியா மாடிப்படி ஏறும் செருப்புச் சத்தம் கேட்டால் பேனாவைத் தேடுவார்கள். தேதி போடாத தாள், கையெழுத்தில்லாத தாள், திருப்பிக் கொடுக்காத கோப்பு, எதையும் அவள் விட்டதில்லை. ஒரு டாக்டரின் கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளையை வாழ்த்திய கையோடு அவர் வைத்திருந்த கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டவள். பெண்வீட்டார் அவளை மாப்பிள்ளையின் பழைய சங்காத்தம் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் ஆடிப்போனார்கள்.

எண்ணெய்ச் செக்கில் வேலை பார்த்தவரின் மகள். இருபத்திரண்டு வயதில் தேர்வு எழுதி, மருத்துவமனைச் சேர்க்கை ஜன்னலில் குமாஸ்தாவாக உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடம் அந்த ஜன்னல், பிறகு கணினி வந்ததும் உள்ளே ஆவண அறை. புருஷன் ஹெதி பஸ் ஓட்டுகிறவர், வாய் ஓயாதவர். "என் பொண்டாட்டி வீட்டுல கரண்டி காணோம்னாக்கூட விசாரணை வைப்பா" என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். இரண்டு பெண்கள், இரண்டு பேரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். வாழ்க்கையில் பெரிதாகக் குறை என்று சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விஷயம் இருந்தது. அதை ஹெதியைத் தவிர யாரிடமும் அவள் சொன்னதில்லை.

முதலில் காபெஸுக்குப் போன் போட்டாள். அங்கே ஆவண அறையில் இருந்தவர் நல்ல மனுஷர், அவளைப் போலவே பழைய ஆள். அந்த வருடமும் முன்னும் பின்னும் அறுவைப் பதிவேட்டை வரி வரியாகப் பார்த்து, ஒன்பதரை மணிக்குத் திருப்பி அழைத்தார். மொன்ஜியா என்று ஒருத்தியும் அங்கே படுக்கவில்லை. தனியார் மருத்துவமனையில் செய்திருப்பாளோ என்று அவர் கேட்டார். கூலி வேலை செய்கிறவன் பெண்டாட்டி தனியாருக்கு எங்கே போவாள் என்று ராதியா சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு எழுந்து நேராக வார்டுக்குப் போனாள்.

மொன்ஜியாவின் கண் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய அக்கா பேயா உட்கார்ந்து ஈரத் துணியால் தங்கையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேயாவுக்கு அறுபது இருக்கும், திடகாத்திரமான பெண்மணி. தலைமுக்காட்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். ராதியா தன்னை யார் என்று சொல்லிக்கொண்டு கட்டில் ஓரமாக உட்கார்ந்து, காபெஸில் எந்த மருத்துவமனை, எந்த மாதம் என்று மெதுவாக விசாரித்தாள். எல்லாக் கேள்விக்கும் பேயாதான் பதில் சொன்னாள். பதில் எல்லாம் ஒன்றுதான், அது ரொம்ப நாளாச்சு, ஞாபகம் இல்லை.

மொன்ஜியா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். காய்ச்சலில் அரைத் தூக்கம். கொஞ்ச நேரம் கழித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி முனகினாள்.

"இங்க முற்றத்துல ஒரு அத்தி மரம் இருந்துச்சே. வெட்டிட்டாங்களா?"

பேயாவின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. பிறகு, காய்ச்சலில் ஏதோ உளறுகிறாள் என்று சொல்லி அவசரமாகத் துணியை நனைத்தாள்.

ராதியா எழுந்தாள். அந்த அத்தி மரத்தை வெட்டி பதினான்கு வருடம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது எக்ஸ்ரே கட்டடம் நிற்கிறது. பழைய அறுவை வார்டின் கட்டிலில் படுத்தவர்களுக்கு மட்டும்தான் ஜன்னல் வழியாக அது தெரியும். இந்த மருத்துவமனைக்கு நேற்றுதான் முதல் தடவையாக வந்தவள் என்று கோப்பு சொல்கிறது. காபெஸும் இல்லை, ஒன்றும் இல்லை, இங்கேதான் படுத்திருக்கிறாள். வேறு யாருடைய பெயரிலோ படுத்திருக்கிறாள்.

மாடிப்படி இறங்கும்போதே ராதியா வருடத்தைக் கணக்குப் போட்டாள். அந்த வருடத்தில் சேர்க்கை ஜன்னலில் உட்கார்ந்திருந்தது அவள்தான்.

அப்போதெல்லாம் அந்த ஊரில் காப்பீட்டுப் புத்தகம் இரவல் போவது, கல்யாணத்துக்குப் பெரிய அண்டா இரவல் போவது மாதிரி சாதாரண விஷயம். நிரந்தர வேலையில் இருப்பவன் வீட்டில் புத்தகம் இருக்கும். அதில் பெண்டாட்டி பிள்ளைகள் பெயர் இருக்கும், படம் இருக்காது. கூலிக்காரன் வீட்டில் ஒன்றும் இருக்காது. ஏழைகளுக்கான வெள்ளை அட்டைக்கு எழுதிப் போட்டுவிட்டு, பேட்டைத் தலைவர் எப்போது கையெழுத்துப் போடுவார் என்று இரண்டு வருடம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் நோய் வந்தால் அக்காவின் புத்தகம், மச்சினியின் புத்தகம், எதிர்வீட்டுக்காரியின் புத்தகம். எல்லோரும் செய்தார்கள், யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. ஜன்னலில் இருப்பவர்கள்தான் பிடிக்க வேண்டும்.

ராதியாவும் ஆரம்பத்தில் பிடித்தாள். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருடம் ஒரு தாய் மூன்று வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பையனுக்குக் காய்ச்சல், கண் செருகியிருந்தது. அவள் நீட்டிய புத்தகத்தில் பிள்ளைக்கு ஏழு வயது என்று இருந்தது. ராதியா புத்தகத்தைப் பார்த்தாள், பையன் முகத்தைப் பார்த்தாள், இது இந்தப் பிள்ளை இல்லை என்று சொன்னாள். அந்தத் தாய் புத்தகத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் மதியம் அவசரப் பிரிவு வழியாக அதே பையனைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைத் துணி போட்டு வெளியே எடுத்துப் போனதை ராதியா ஜன்னலில் இருந்து பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். யார் எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் தலையைக் குனிந்தபடியே எழுதி, முத்திரை குத்தி அனுப்பினாள். ஜன்னலில் இருக்கிற பெண்ணுக்குத் திமிர், மனுஷ முகத்தையே பார்க்க மாட்டாள் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் கையையும் குரலையும் வைத்தே அவளுக்குத் தெரிந்துவிடும். முப்பது வயது என்று புத்தகம் சொல்லும், நீட்டும் கைக்குப் பதினெட்டு வயதிருக்கும். பெயரைக் கூப்பிட்டால் சொந்தக்காரி சட்டென்று திரும்புவாள், இரவல்காரி ஒரு நொடி தாமதமாகத் திரும்புவாள். பொய் என்று தெரிந்த பதிவை அப்படியே விட்டுவிடவும் அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் அந்த வரியின் ஓரத்தில், எண்ணுக்குக் கீழே, பச்சை மையில் ஒரு புள்ளி வைத்தாள். அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. பேனா கசிகிறது என்று நினைத்திருப்பார்கள்.

பழைய பதிவேடுகள் ஆவண அறையின் கடைசி அலமாரியில் இருந்தன. ராதியா கதவைச் சாத்திக்கொண்டு அந்த வருடத்தின் ஏட்டை இறக்கினாள். ஆலிவ் பறிக்கும் காலத்தில் வேலைக்குக் காபெஸ் பக்கம் போனோம் என்று மொன்ஜியா டாக்டரிடம் சொல்லியிருந்தாள். ஊர் பொய்யாக இருந்தாலும் மாதம் பொய்யாக இருக்காது என்று ராதியா கணக்குப் போட்டாள். நவம்பர், டிசம்பர், ஜனவரி. தன்னுடைய இளவயதுக் கையெழுத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. புள்ளிகளை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனாள். மூன்று மாதத்தில் பதினொரு புள்ளி. அதில் அறுவை வார்டுக்குப் போனவை இரண்டு. ஒன்று ஆண். இன்னொன்று டிசம்பர் பதினாறு, குடல்வால், அப்துஸ்ஸத்தாரின் மனைவி பேயா.

மணி பத்து ஐந்து.

பழைய கோப்புகள் நிலவறையில். அங்கே பொறுப்பாளர் ஸாலெம், பாதி கண் தெரியாது, ஆனால் எந்தக் கட்டு எங்கே என்று மூக்கால் மோப்பம் பிடித்துச் சொல்வார். "உன்னை விட்டா செத்தவனையும் எழுப்பி, விட்டுப்போன கையெழுத்தை வாங்கிட்டுத்தான் படுக்க விடுவ" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏணியைச் சாய்த்தார். ராதியா அன்று பதிலுக்கு எதுவும் சொல்லாததைப் பார்த்து, அவரும் வாயை மூடிக்கொண்டு வேகமாக ஏறினார். மூன்றாவது கட்டுக்குள் இருந்தது கோப்பு. மயக்க மருந்துத் தாள் எலிகூடக் கடிக்காமல் பத்திரமாக இருந்தது. அதன் அடியில் சிவப்பு மையில் நாலு வரி. ராதியாவுக்கு மருந்துப் பெயர் புரியவில்லை. ஐந்து மணி நேரம் என்பதும், ஒருபோதும் கூடாது என்பதும் புரிந்தன.

டாக்டர் லாமியா அந்தத் தாளை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். தொண்டையில் குழாய் வைப்பதற்கு முன்னால் தசைகளைத் தளர்த்த ஒரு ஊசி போடுவார்கள். எல்லோருக்கும் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுகிற மருந்து, சில குடும்பத்து உடம்புக்கு மட்டும் மணிக்கணக்காக இறங்காது. ஆள் மூச்சுவிட முடியாது. அன்று அந்த நோயாளியை ஐந்து மணி நேரம் இயந்திரத்தில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"இன்னைக்கு நான் முதல்ல எடுக்க இருந்த ஊசியே இதுதான்" என்றார் டாக்டர். பிறகு தாளின் மேல்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "ஆனா இதுல பேயான்னு இருக்கே. பேயா அவங்க அக்கா இல்லையா?"

இரவல் புத்தகம் என்று ராதியா சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டினார், ஆனால் சமாதானம் ஆகவில்லை. இது உண்மையிலேயே அக்காவின் அறுவையாக இருந்து, தங்கைக்குக் காபெஸில் வேறு ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால்? இதை நம்பி இந்த ஊசியைத் தவிர்த்துவிட்டு, அந்த இன்னொன்றைத் தன் கையால் போட்டுவிட்டால்? ரத்த வகையைப் பார்க்கலாம் என்றால் அது ஓ, ஊரில் பாதிப் பேருக்கு அதுதான். இது மொன்ஜியாவின் தாள்தான் என்று தெரிந்தவர் யாராவது சொல்லி, எழுத்தில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைமை அறுவை மருத்துவரும் இதை ஏற்க மாட்டார். மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது.

இரண்டு பேருமாக வார்டுக்குப் போனார்கள். மொன்ஜியாவுக்கு வலி ஊசி போட்டிருந்தார்கள். அவள் நாக்குக் குழறி, காபெஸ் காபெஸ் என்றே சொன்னாள். டாக்டர் பேயாவை நடைபாதைக்கு அழைத்துத் தாளைக் காட்டினார். பேயா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அது என் ஆபரேஷன்தான். எனக்குத்தான் குடல்வால் எடுத்தாங்க."

தழும்பைப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். பேயா மேலாடையை இரண்டு கையாலும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நோயாளி உள்ளே படுத்திருக்கிறாள், துணைக்கு வந்தவளின் துணியை அவிழ்க்கச் சொல்வது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டாள். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். பேயாவுக்கு எதுவும் ஏறவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், முந்தின வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்து பரிசோதகர்கள் வந்து பழைய புத்தகங்களைக் கிண்டினார்கள், அவள் தெருவிலேயே ஒருத்திக்கு விதவை ஓய்வூதியம் நின்றுபோனது. அப்துஸ்ஸத்தார் செத்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த வெள்ளைக் கோட்டும் இந்தத் தாளும் அதே வலையின் இன்னொரு முனை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, மயக்க மருந்து அலமாரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். பதினொன்று இருபது.

ராதியாவும் பேயாவும் நடைபாதை பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார்கள். இத்தனை வருடமாக ராதியா அடுத்தவர் கோப்புகளில் விட்டுப்போனதைத் தேடித் தேடிக் கேட்டிருக்கிறாள். இங்கே விட்டுப்போயிருப்பது அவள் வாயில் இருக்கிறது. சொன்னால் வேலை போகலாம், பேர் நிச்சயமாகப் போகும். சொல்லாவிட்டால் உள்ளே ஒருத்தி மூச்சு நின்று கிடப்பாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தச் சின்னப் பையனின் செருகிய கண் ஞாபகத்துக்கு வந்தது, அதைவிடப் பெரிய பயம் வேறு இல்லை.

"பயப்படாதீங்க அக்கா. அன்னைக்கு ஜன்னல்ல இருந்தவ நான்தான்" என்றாள்.

பேயா திரும்பிப் பார்த்தாள்.

"புத்தகம் உங்களோடது, வந்த ஆளு நீங்க இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். பேரைக் கூப்பிட்டேன், அவ உடனே திரும்பல. தெரிஞ்சேதான் முத்திரை குத்தினேன்."

பேயா கசப்பாகச் சிரித்தாள்.

"இப்படித்தான் எல்லாரும் இனிக்க இனிக்கப் பேசுவாங்க அம்மா. பேசிட்டு எங்ககிட்ட கையெழுத்து வாங்குவாங்க. அவங்க ஒண்ணுலயும் கையெழுத்துப் போட மாட்டாங்க. நீங்க முதல்ல எழுதுங்க. எழுதி முத்திரை குத்துங்க. அப்புறம் நான் வாயைத் திறக்கிறேன்."

ராதியா எழுந்து போய்ச் செவிலியர் மேசையில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினாள். பெஞ்சில் உட்கார்ந்து, மொன்ஜியாவின் கோப்பை முழங்காலில் வைத்து அதன்மேல் எழுதினாள். முழுப்பெயர், தகப்பன் பெயர், பணியாளர் எண். இன்ன தேதியில் பேயா என்ற பெயரில் சேர்க்கப்பட்ட நோயாளி பேயா அல்ல என்பது சேர்க்கும்போதே எனக்குத் தெரியும், தெரிந்தே சேர்த்தேன், அதற்கு அடையாளமாகப் பதிவேட்டில் என் கையால் பச்சைப் புள்ளி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டாள். பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி ஈரப்படுத்தி, குத்தினாள். எழுத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அந்த நேரத்திலும் தேதி போட மறக்கவில்லை.

பேயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் முத்திரை என்ன என்று தெரியும். தாளைக் கையில் வாங்கி, இன்னும் காயாத அந்த ஊதா வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவ தூங்கல" என்றாள்.

ராதியாவுக்கு முதலில் புரியவில்லை.

"டாக்டர்கிட்ட தூங்கினேன்னு சொன்னா. பொய். எல்லாம் முடிஞ்சதும் அவளுக்கு நினைப்பு வந்துருச்சு. கண்ணைத் திறக்க முடியல, விரலை அசைக்க முடியல, ஆனா சுத்தி நின்னு பேசுறது அத்தனையும் காதுல விழுது. செத்துட்டோம்னு நினைச்சிருக்கா. இப்ப குளிப்பாட்ட வருவாங்க, இப்ப குளிப்பாட்ட வருவாங்கன்னு காத்துக்கிட்டுக் கிடந்திருக்கா. அஞ்சு மணி நேரம். என்கிட்ட மட்டும்தான் சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு குர்ஆன்மேல சத்தியம் வாங்கினது நான்தான். என் வீட்டுக்காரரோட புத்தகத்துக்காக."

முக்காட்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராதியா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஆம், ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான், அறுவை அரங்கின் கதவுக்கு ஓடினாள். பேயா சொல்வதை டாக்டர் லாமியா அங்கேயே நின்று கேட்டார். நினைவு இருக்கிறது, அசைய முடியவில்லை, மூச்சு இல்லை. வேறு எந்த மருந்தும் இதைச் செய்யாது, இதுதான் என்றார். பழைய மயக்க மருந்துத் தாளை மொன்ஜியாவின் கோப்பில் செருகினார், ராதியாவின் தாளையும் அதன் பின்னால் செருகினார். வேறு ஊசியை எடுத்து வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். கதவை மூடும் முன், இது ரத்தத்தில் வருவது, உங்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று பேயாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிடம் இருந்தது.

அந்த இரண்டு மணி நேரத்தை ராதியா எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. பேயா அவளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார்கள், விழுங்கவில்லை. இரண்டே கால் மணிக்கு டாக்டர் முகமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். "மூச்சு விட்டுட்டா. தண்ணி கேக்குறா. குடுக்க மாட்டோம்னு சொன்னதும் என்னைத் திட்டுறா" என்றார். பேயா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இயக்குநர் ஸி முன்திர் மறுநாள் காலையில் ராதியாவைக் கூப்பிட்டார். மேசையில் அவள் எழுதிய தாளும், அந்த வருடத்துப் பதிவேடும் இருந்தன. அவர் ஏட்டைப் புரட்டிக்கொண்டே போனார். டிசம்பரில் ஒரு புள்ளி, அதே பக்கத்தில் இன்னொன்று, அடுத்த பக்கத்தில் ஒன்று. புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது. மற்ற வருடங்களின் ஏடுகளிலும் இது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். பதினான்கு வருடம், மொத்தம் முன்னூற்றுப் பதினொன்று. எண்ணி வைத்திருக்கிறாயா என்றார். நேற்று இரவு எண்ணினேன் என்றாள்.

முன்னூற்றுப் பதினொரு பேர். ஒருத்தியின் சர்க்கரை இன்னொருத்தியின் கோப்பில் இருக்கிறது. ஒருத்தனுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து இன்னொருத்தனின் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. பிழைக்க வந்தவர்களை உள்ளே விட்டோம் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே விட்டவர்களில் எத்தனை பேரை எந்த மேசையில் சாகவிடப் போகிறோம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதை இயக்குநர் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இரவெல்லாம் அவளே தனக்குச் சொல்லிக்கொண்டுவிட்டாள்.

ஸி முன்திர் முத்திரையை மேசைமேல் வைத்துவிடச் சொன்னார். விசாரணை நடக்கும், பதவி ஒரு படி இறங்கும், அதைத் தன்னால் தடுக்க முடியாது என்றார். டாக்டர் லாமியா அவளுக்காக ஒரு கடிதம் எழுதியிருந்தார், அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஏட்டை மறுபடி கையில் எடுத்தார். "ஆனா இந்தப் புள்ளியெல்லாம் உன்னைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது" என்றார் கடைசியில். அவள் வைத்த புள்ளிகளை அவளே ஒன்றொன்றாக ஆட்களோடு சேர்க்க வேண்டும். முடிகிறவரை வேலையில் இருக்கலாம்.

ராதியா ஆவண அறைக்கு வந்து கதவைத் திறந்தே வைத்துக்கொண்டாள். ஹெதி காலையில் கட்டிக் கொடுத்த சாப்பாடு அப்படியே இருந்தது. அவள் முதல் ஏட்டை இறக்கினாள். அந்தப் பையன் வந்துபோனதற்கு அடுத்த வாரத்து வரியில்தான் முதல் புள்ளி இருந்தது. பையனுக்குப் புள்ளி இல்லை, வரியும் இல்லை, அவனை அவள் ஏட்டில் எழுதவே இல்லை. அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, புள்ளி வைத்த பெயரின் புத்தக எண்ணைக் கணினியில் தட்டித் தொலைபேசி எண்ணை எடுத்தாள்.

மறுமுனையில் வயதான ஒரு பெண் குரல் எடுத்தது. மருத்துவமனை என்றதும் அந்தக் குரல் சட்டென்று சுருங்கி, யார், எதற்கு, நாங்கள் யாருக்கும் புத்தகம் கொடுக்கவில்லையே என்று, கேட்பதற்கு முன்பே மறுத்தது.

"பயப்படாதீங்க அம்மா" என்றாள் ராதியா. "அன்னைக்கு ஜன்னல்ல இருந்தவ நான்தான்."